காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு: புதுக் கால்பந்து கேம் வாங்கும் கணக்கு

செப்டம்பர் கடைசி வாரம் வந்தால் இரண்டு காரியங்கள் ஒன்றாக நடக்கின்றன. பள்ளிக்கூடங்களில் காலாண்டுத் தேர்வு முடிகிறது. ஈஏ ஸ்போர்ட்ஸ் என்ற வீடியோ கேம் நிறுவனம் தன் புதுக் கால்பந்து கேமான எஃப்சியை இறக்குகிறது. எஃப்சி 24 வந்தது 2023 செப்டம்பர் 29. எஃப்சி 25 வந்தது 2024 செப்டம்பர் 27. எஃப்சி 26 வந்தது 2025 செப்டம்பர் 26. மூன்றுமே வெள்ளிக்கிழமை. அந்த வாரம் வேலூரில் எந்த கேம் கடை வாசலில் நின்றாலும் ஒரே கேள்விதான் காதில் விழும்: "அண்ணா, புது ஃபிஃபா வந்துடுச்சா?"

அந்தப் பெயரிலிருந்தே ஆரம்பிக்கலாம். ஃபிஃபா என்ற பெயரில் ஈஏ வெளியிட்ட கடைசி கேம் ஃபிஃபா 23. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவோடு 1993-இல் தொடங்கிய உறவு அது. முறிந்ததாக 2022 மே மாதம் அறிவிப்பு வந்தது. அடுத்த வருஷம் முதல் கேமின் பெயர் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி. ஆகவே "ஃபிஃபா 25" என்று எழுதி யாராவது பென் டிரைவிலோ மெமரி கார்டிலோ போட்டுத் தந்தால், அது பழைய கேமில் யாரோ ஆட்டக்காரர் பட்டியலையும் ஜெர்சியையும் மாற்றி வைத்தது, அவ்வளவுதான். ஃபிஃபா 14 முதல் 23 வரையானவை 2023 செப்டம்பரிலேயே டிஜிட்டல் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டன. இனி அவை வேண்டுமென்றால் பழைய டிஸ்க் தேட வேண்டியதுதான்.

இனி வாங்கலாமா என்ற கேள்விக்கு வருவோம். "கேம் நல்லா இருக்கா?" என்று கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. ஒரு டிஸ்க்குக்குள் நாலைந்து தனித்தனி கேம்கள் இருக்கின்றன, மோடு என்பார்கள். கரியர் மோடில் ஒரு சின்ன கிளப்பை எடுத்து வளர்க்கிறவருக்கும், ஆட்டக்காரர் அட்டைகளைச் சேர்த்து அணி கட்டும் அல்டிமேட் டீமில் ராத்திரி பத்து மணிக்கு யாரோ ஊர் பேர் தெரியாதவரோடு மோதுகிறவருக்கும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா பையனோடு ஒரே சோபாவில் உட்கார்ந்து ஆடுகிறவருக்கும் பொதுவாக இருப்பது மெனுவும் பின்னணிப் பாட்டும்தான். இதை ஈஏவே ஒப்புக்கொண்டுவிட்டது. எஃப்சி 26-இல் ஆட்ட முறையை இரண்டாகப் பிரித்தார்கள்: ஆன்லைன் போட்டிக்கு வேகமான, உடனே பதில் சொல்கிற ஒரு முறை, ஆஃப்லைனில் கரியர் ஆடுகிறவர்களுக்கு நிஜ ஆட்டத்தை ஒட்டிய, நிதானமான இன்னொரு முறை. ஆக, ஒருவர் அல்டிமேட் டீமை ஆடிப் பார்த்துவிட்டுப் போடும் பத்துக்கு எட்டு மதிப்பெண், கரியர் ஆடுகிறவருக்கு எதையும் சொல்லாது.

எந்த மோடை ஆடப்போகிறீர்கள், எந்த மாதத்தில் வாங்குகிறீர்கள். இந்த இரண்டுக்கும் பதில் தெரிந்தால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும்.

மூன்று விடுமுறை, மூன்று விலை

ஒரு கணக்குக்காக கேமின் விலை 4,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பிசி (கம்ப்யூட்டர்), டிவியில் மாட்டி ஆடும் கன்சோல்களான பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் என்று இடத்துக்கு இடம் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும்.

காலாண்டு விடுமுறையில் வாங்குகிறவர் முழு விலை கொடுக்கிறார். அதோடு கேமின் மிக மோசமான வாரங்களும் அவருக்குத்தான். வெளியான முதல் ஒரு மாதத்தில் ஆட்டத்தை மாற்றும் அப்டேட்கள் அடுத்தடுத்து வரும். கோல்கீப்பர் பிழை, ஒரே வகை ஷாட் எப்போதும் கோலாகிற ஓட்டை, கரியர் மோடில் டிரான்ஸ்ஃபர் குளறுபடி எல்லாம் இந்தக் காலத்தில்தான் ஒவ்வொன்றாகச் சரியாகும். முதல் வாரம் எழுதப்பட்ட விமர்சனம் நவம்பரில் பாதி பொய்யாகிப் போவதற்குக் காரணம் எழுதியவர் அல்ல. அவர் ஆடிய கேமே இப்போது இல்லை.

அரையாண்டு விடுமுறைக்குள் நிலைமை வேறு. நவம்பர் கடைசித் தள்ளுபடி, பிசி கேம் விற்கும் ஸ்டீம் என்ற இணையக் கடையில் டிசம்பர் கடைசியில் வரும் குளிர்காலத் தள்ளுபடி இரண்டிலும் இந்த கேம் பாதி விலை வாக்கில் இறங்குவது வழக்கமாகிவிட்டது. வேறு பெரிய கேம்கள் ஒரு வருஷம் விலை இறங்காமல் நிற்கும், இது நிற்காது. அடுத்த செப்டம்பரில் செத்துப்போகப் போகிற பொருள் என்பது விற்கிறவருக்கும் தெரியும். காசு இறுக்கமாக இருக்கிற எவருக்கும், குறிப்பாகக் கரியர் ஆடுகிறவருக்கு, டிசம்பர்தான் சரியான மாதம்.

முழு ஆண்டு விடுமுறை, அதாவது மே மாதம் வந்தால் கேம் கிட்டத்தட்ட இலவசத்துக்கு வந்துவிடும். எஃப்சி 24, 2024 மே மாத பிளேஸ்டேஷன் பிளஸ் கேம்களில் ஒன்றாகச் சந்தாதாரர்களுக்குத் தரப்பட்டது. ஈஏ பிளே என்ற சந்தாவிலும் மே, ஜூன் வாக்கில் அந்த வருஷத்து கேமை முழுதாகச் சேர்த்துவிடுகிறார்கள். எக்ஸ்பாக்ஸ் கேம் பாஸ் அல்டிமேட் வைத்திருப்பவர்களுக்கு ஈஏ பிளே உள்ளேயே அடங்கியது. தனியாகக் கட்ட வேண்டாம்.

வாரம் 6 மணி நேரம் ஆடுகிற ஒருவர் செப்டம்பரில் 4,000 கொடுத்து 48 வாரம் ஆடினால் 288 மணி நேரம். மணிக்குப் பதினாலு ரூபாய். டிசம்பரில் 2,000 கொடுத்து 36 வாரம் ஆடினால் 216 மணி நேரம். மணிக்கு ஒன்பது ரூபாய் சொச்சம். வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆனால் முதல் மூன்று மாதம் ஆன்லைனில் எல்லோரும் சமமாக, மட்டமான அணியோடு ஆரம்பிக்கிற காலம். அல்டிமேட் டீம் ஆடுகிறவருக்கு அந்த மூன்று மாதம்தான் கேமே. டிசம்பரில் நுழைந்தால் எதிரில் நிற்பவனுடைய அணியைப் பார்த்தே கை தளர்ந்துவிடும். ஆக அல்டிமேட் டீம்காரர் வாங்குவதென்றால் முதல் மாதமே வாங்க வேண்டும். இல்லையென்றால் அந்த வருஷத்தை விட்டுவிடலாம். நடுவில் வாங்குவது இரண்டும் கெட்டான்.

ஒரு வாரம் முன்கூட்டியே ஆடலாம் என்று அதிக விலைக்கு விற்கும் அல்டிமேட் எடிஷனை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியவில்லை. அந்த ஒரு வாரம்தான் கேம் மிக அரைவேக்காடாக இருக்கும் வாரம்.

பத்து மணி நேரத்தை வீணாக்காமல் செலவழிப்பது

ஈஏ பிளே சந்தா ஒரு மாதத்துக்கு வாங்கினால் புது கேமைப் பத்து மணி நேரம் ஆடிப் பார்க்கலாம். பிறகு வாங்கினால் விலையில் பத்து சதவீதம் தள்ளுபடியும் உண்டு, விட்ட இடத்திலிருந்து தொடரவும் முடியும். ஆனால் மெனுவில் ஜெர்சி தேர்ந்தெடுக்கும் நேரமும் அந்தப் பத்து மணியில் கழியும். சாப்பிடப் போகும்போது கேமை அப்படியே விட்டுவிட்டுப் போகாமல் முழுதாக மூடிவிட்டுப் போக வேண்டும்.

முதலில் ஆஃப்லைனில் கிக் ஆஃப், அதாவது ஒற்றை ஆட்டம். பாதிக்கு 6 நிமிடம், கடினம் வேர்ல்டு கிளாஸ். கோல் போடுவதற்காக ஆட வேண்டாம், சோதிப்பதற்காக ஆடுங்கள். நடுக்களத்தில் உயரமான, மெதுவான ஒரு டிஃபெண்டரிடம் பந்தை வைத்துக்கொண்டு ஸ்டிக்கை நேர் எதிர்த் திசையில் தள்ளுங்கள். திரும்ப எத்தனை அடி எடுக்கிறான் என்று எண்ணுங்கள். அதையே ஒரு சின்ன, துறுதுறுப்பான விங்கரிடம் செய்யுங்கள். இருவருக்கும் வித்தியாசமே தெரியவில்லை என்றால் ஆட்டக்காரர்களின் எண்களுக்கு அந்த கேமில் அர்த்தமில்லை. மாறாக, இருவருமே நகர மாட்டேன் என்று அடம்பிடித்தால் பிரச்சினை வேறிடத்தில்.

அந்த வேறிடம் எது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த கேம்களில் ஆட்டக்காரர் அசைவதெல்லாம் நிஜ மனிதர்களின் அசைவைப் பதிவு செய்து வைத்த துண்டுகள். ஃபிஃபா 22-இல் 22 பேருக்கும் சென்சார் உடை மாட்டி ஒரு முழு ஆட்டத்தையே பதிவு செய்து ஹைப்பர்மோஷன் என்று பெயர் வைத்தார்கள். எஃப்சி 24-இல் 180-க்கும் மேற்பட்ட நிஜ ஆட்டங்களின் வீடியோவிலிருந்தே அசைவை எடுத்தார்கள். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் ஒரு அசைவுத் துண்டு ஓட ஆரம்பித்துவிட்டால் அது முடியும் வரையில், அல்லது வெட்டி ஒட்டக்கூடிய ஓர் இடம் வரும் வரையில், உங்கள் விரல் அழுத்தியதைக் கேம் காத்திருப்பில் வைக்கும். தடுத்துவிட்டு ஓட நினைத்திருப்பீர்கள். அதற்கு அரை நொடி முன்னால் பதற்றத்தில் அழுத்திய ஷாட் பட்டன் இப்போது வேலை செய்து, உங்கள் ஆட்டக்காரன் பந்தைக் கூட்டத்துக்குள் தூக்கி அடிப்பான். "கேம் ஏமாத்துது" என்று நம் பையன்கள் கத்துவதில் பாதி இதுதான். அழகுக்கும் கட்டுப்பாட்டுக்கும் நடக்கும் இந்த இழுபறியில் இந்த வருஷம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறார்கள் என்பதுதான் சோதனையின் மையம். விளம்பர வீடியோ இதைக் காட்டாது. கண்ட்ரோலரைக் கையில் பிடித்தால்தான் தெரியும்.

அடுத்தது தற்காப்பு. ஆட்டக்காரனை மாற்றாமல், கண்ட்ரோலரில் எல்2 பட்டனைப் பிடித்துக்கொண்டு ஒருவனை மட்டும் நகர்த்துங்கள். மற்ற பத்துப் பேர் கம்ப்யூட்டர் கையில். எதிரணி ஸ்ட்ரைக்கர் பின்னால் ஓடும்போது உங்கள் சென்டர் பேக் கூடவே ஓடுகிறானா, சிலை மாதிரி நிற்கிறானா? பந்து தட்டி விழும்போது அருகில் இருப்பவன் அதை நோக்கிப் போகிறானா, நீங்கள் பட்டன் அழுத்தும் வரை வேடிக்கை பார்க்கிறானா? ஒரே இடத்திலிருந்து பத்து ஷாட் அடியுங்கள். கீப்பர் அருகிலிருக்கும் கம்பத்தின் பக்கம் ஆறு ஏழு கோல் விட்டால், ஆன்லைனில் இன்னும் ஒரு மாதத்துக்கு எல்லோரும் அதையேதான் அடிப்பார்கள்.

கரியர்காரருக்கு இன்னொரு சோதனை மிக முக்கியம், விமர்சனங்களில் அதிகம் வராததும் கூட. பட்டியலின் அடியில் இருக்கிற ஒரு சின்னக் கிளப்போடு ஒரு ஆட்டம், மான்செஸ்டர் சிட்டியோடு ஒரு ஆட்டம். இரண்டு அணியும் ஒரே மாதிரி, அதே குட்டிக் குட்டி பாஸ் கொடுத்து, அதே நிதானத்தோடு ஆடினால், மூன்றாவது சீசனில் உங்களுக்குச் சலித்துப்போகும், சந்தேகமே வேண்டாம். நல்ல வருஷங்களில் சின்ன அணி பின்வாங்கிக் குவிந்து, கிடைத்ததும் நீளமாக அடித்துவிட்டு ஓடும்.

கடைசி இரண்டு மணி நேரத்தை ராத்திரி எட்டுக்கும் பத்துக்கும் நடுவில் ஆன்லைனில் ஆட ஒதுக்குங்கள். மத்தியானம் ஆடிப் பார்த்த ஆன்லைன் ஆட்டம் எதையும் நிரூபிக்காது. தெருவே சீரியலையும் கிரிக்கெட்டையும் ஓடவிடும் நேரத்தில்தான் உங்கள் இணைப்பின் யோக்கியதை தெரியும்.

வேலூர் வீட்டில் எது சொதப்பும்

பிளேஸ்டேஷன் 5 வேலை செய்ய உகந்த வெப்பநிலை 5 முதல் 35 டிகிரி செல்சியஸ் என்று சோனியின் கையேடே சொல்கிறது. கத்திரி வெயிலில் இங்கே வெளியே நாற்பதைத் தாண்டும். மொட்டை மாடிக்குக் கீழே இருக்கிற அறையில் சாயங்காலம் ஆறு மணிக்கும் சுவர் அனல் விடும். ஏசி இல்லாத அந்த அறையில் கன்சோல் ஆரம்பத்திலேயே வரம்பைத் தாண்டிய காற்றைத்தான் உறிஞ்சுகிறது. விசிறி இரையும், பிறகு "சூடாகிவிட்டது" என்ற எச்சரிக்கை, பிறகு அணைந்துவிடும். கண்ணாடி போட்ட டிவி ஷோகேஸுக்குள் வைத்தால் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். சுவரிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் தள்ளி, நாலு பக்கமும் திறந்த இடத்தில் வையுங்கள். காற்று நுழையும் பிளவுகளில் படியும் தூசியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வாக்குவம் கிளீனரால் எடுங்கள். ஆற்காடு ரோடு, ஆரணி ரோடு மாதிரி வண்டி ஓயாத சாலையை ஒட்டிய வீடு என்றால் மாதம் ஒருமுறை. மேயில் கேம் மலிவாகக் கிடைக்கிறது என்று மேலே சொன்னோம். அதே மே மாதத்தில்தான் பகல் ஆட்டம் கஷ்டம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலை ஆறு முதல் ஒன்பது வரை ஆடினால் கன்சோலும் பிழைக்கும், வீட்டில் திட்டும் விழாது.

கரன்ட். ஆன்லைன் ஆட்டத்தின் நடுவில் கரன்ட் போனால் அது தோல்வியாகப் பதிவாகும். யாரிடமும் முறையிட முடியாது. கரியர் மோடில் சேவ் ஆகிக்கொண்டிருக்கும் நொடியில் போனால் சேவ் ஃபைலே கெடலாம், மூன்று சீசன் உழைப்பு போச்சு. ஆடும்போது கன்சோலுக்குச் சுமார் 200 வாட், 43 அங்குல டிவிக்கு நூறு வாட் வரை, ரவுட்டருக்குப் பத்து. கம்ப்யூட்டருக்கு விற்கும் 600 விஏ யுபிஎஸ் பொதுவாக 360 வாட் தாங்கும். ஆக மட்டுமட்டாகச் சரி. அதை நம்பி அரை மணி ஆட முடியாது. சேவ் செய்து மூட நாலைந்து நிமிடம் கிடைக்கும், அதுபோதும். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் பின்பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கிறதா பாருங்கள். யுபிஎஸ் மோடில் வைத்தால் கரன்ட் மாறும் இடைவெளி குறையும், கன்சோல் அணையாமல் தப்பும். அது சாதாரண மோடில் இருப்பதுதான் பல வீடுகளில் "இன்வெர்ட்டர் இருந்தும் ஆஃப் ஆகுது" என்ற புலம்பலுக்குக் காரணம். கரியர் ஆடுகிறவர் ஒரே ஃபைலில் சேவ் செய்யாமல் மாதத்துக்கு ஒன்றாக இரண்டு மூன்று ஃபைல் வைத்திருப்பது நல்லது.

இணைப்பு. இறக்கும் அளவு 50 ஜிபி என்று வைத்தால், 40 எம்பிபிஎஸ் பிராட்பேண்டில் சுமார் இரண்டே முக்கால் மணி நேரம். தினம் 2 ஜிபி தரும் மொபைல் ரீசார்ஜை ஹாட்ஸ்பாட் போட்டு இறக்குவதென்றால் 25 நாள். அப்டேட்கள் தனி. பிசிக்கு எஃப்சி 25 கேட்ட இடம் 100 ஜிபி. பிராட்பேண்ட் இல்லாத வீட்டுக்கு டிஸ்க் எடிஷன் வாங்குவதே நல்லது, ஆனால் அப்போதும் முதல் நாள் அப்டேட்டுக்கு டேட்டா வேண்டும்.

வேகத்தைவிட பிங்தான் (உங்கள் கட்டளை சர்வருக்குப் போய்த் திரும்ப எடுக்கும் நேரம், மில்லி செகண்டில்) ஆட்டத்தைத் தீர்மானிக்கும். 300 எம்பிபிஎஸ் வாங்கிவிட்டோமே, ஏன் தாமதமாக நகர்கிறது என்று கேட்பவர்கள் கவனிக்காதது இது. ஆட்டம் தொடங்கும்போது பிங் பாருங்கள். ஐம்பதுக்குள் இருந்தால் நிம்மதி, நூறை நெருங்கினால் பந்தைப் பறிக்கும் டாக்கிள் எல்லாம் கொஞ்சம் பிந்தும். பிங் எண் நிலையாக இல்லாமல் குதித்துக்கொண்டே இருப்பது, தொடர்ந்து அதிகமாக இருப்பதைவிட மோசம். உயர்ந்த பிங்குக்குக் கை பழகிவிடும், குதிக்கும் பிங்குக்குப் பழகாது. ரவுட்டர் ஹாலில், டிவி உள்ளறையில், நடுவில் ஒன்பது அங்குலச் சுவர் இரண்டு என்றால் வைஃபையைக் குறை சொல்லிப் பயனில்லை. பதினைந்து மீட்டர் லேன் கேபிள் ஒன்று வாங்கிச் சுவரோரம் ஆணியடித்துக் கொண்டுபோனால், நாலாயிரம் ரூபாய் கேம் தராத முன்னேற்றத்தை அது தரும்.

காட்பாடிப் பக்கம் விடுதி அறைகளில் இருக்கும் மாணவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கல்லூரி வலைப்பின்னல்கள் கேம் போர்ட்களை (கேம் தகவல் வந்துபோகும் வழிகளை) அடைத்து வைத்திருப்பது சகஜம். பிளேஸ்டேஷனில் நெட்வொர்க் செட்டிங்கில் இணைப்பைச் சோதித்தால் நாட் டைப் என்று ஓர் எண் வரும். மூன்று என்று வந்தால் நண்பரை அழைப்பதிலும் குரல் பேச்சிலும் தகராறுதான். கேம் வாங்குவதற்கு முன்னால் இதைப் பாருங்கள். வாங்கியபின் பார்த்து என்ன செய்வது.

டிவியையும் ஒரு நிமிடம் கவனியுங்கள். படத்தை மெருகேற்றும் வேலைகளால் சாதாரண டிவி மோடில் நூறு மில்லி செகண்ட் அளவுக்குக் கூடத் தாமதம் சேரும். கேம் மோடைப் போட்டால் அது பத்து இருபதுக்கு இறங்கிவிடும். ரிமோட்டில் ஒரு பட்டன், செலவு இல்லை.

எந்தப் பெட்டியில் ஆடுகிறீர்கள்

பிஎஸ்4-க்கு வரும் பதிப்பும் பிஎஸ்5-க்கு வரும் பதிப்பும் பெயரால் மட்டுமே ஒன்று. ஹைப்பர்மோஷன் அசைவுகள் பழைய கன்சோலில் கிடையாது. பிஎஸ்4-இல் போன வருஷத்து கேம் வைத்திருப்பவர் இந்த வருஷத்ததை வாங்கினால், ஆட்டக்காரர் பட்டியலுக்கும் மெனு நிறத்துக்கும்தான் காசு கொடுக்கிறார். வாங்க வேண்டாம். ஃபிஃபா 23 முதல் வேறு வேறு கன்சோல்காரர்கள் ஒன்றாக ஆட முடிகிறது, ஆனால் ஒரே தலைமுறைக்குள்தான். பிஎஸ்5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ், பிசி ஒரு பக்கம். பிஎஸ்4, எக்ஸ்பாக்ஸ் ஒன் இன்னொரு பக்கம். குடியாத்தத்தில் இருக்கும் நண்பன் பிஎஸ்4 வைத்திருக்க, நீங்கள் பிஎஸ்5 பதிப்பு வாங்கினால் இருவரும் சேர்ந்து ஆட முடியாது. பிஎஸ்5-லேயே பிஎஸ்4 பதிப்பைப் போட்டு ஆடலாம், ஆனால் அதற்கா இத்தனை செலவு?

கன்சோலில் ஆன்லைன் ஆடத் தனிச் சந்தா வேண்டும். பிளேஸ்டேஷனில் பிளஸ், எக்ஸ்பாக்ஸில் கேம் பாஸ். கேம் விலையோடு இதையும் கூட்டாமல் பட்ஜெட் போட்டுவிட்டு, பிறகு வீட்டில் இரண்டாவது முறை கை நீட்டுவதுதான் பலருக்கும் நடக்கிறது. பிசிக்கு இந்தச் செலவு கிடையாது.

பிசிக்கு வேறு தலைவலி. எஃப்சி 25 குறைந்தபட்சமாகக் கேட்டது 8 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1050 டிஐ அளவுக்கு ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. ஜிடிஎக்ஸ் 1650 உள்ள லேப்டாப் தாராளமாக ஓட்டும். கிராஃபிக்ஸ் கார்டே இல்லாத ஆபீஸ் லேப்டாப் ஓட்டாது, ஓட்டினாலும் ஆட முடியாது. எஃப்சி 26-க்கு செக்யூர் பூட் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது நம்பகமான மென்பொருளை மட்டும் விடும் காவல்) கட்டாயம். செகண்ட் ஹேண்ட் டெஸ்க்டாப் வாங்கியவர்கள் மாட்டுவது இங்கேதான். விண்டோஸ் தேடலில் எம்எஸ்இன்ஃபோ32 என்று அடித்தால் வரும் பக்கத்தில் பயாஸ் மோடு என்ன, செக்யூர் பூட் நிலை என்ன என்று இருக்கும். யுஇஎஃப்ஐ என்று இருந்து செக்யூர் பூட் மட்டும் ஆஃப் என்றால் பயாஸுக்குள் போய் ஆன் செய்தால் தீர்ந்தது. லெகசி என்று இருந்தால் ஹார்டு டிஸ்க்கின் அமைப்பையே எம்பிஆரிலிருந்து ஜிபிடிக்கு மாற்ற வேண்டும். காப்பு எடுக்காமல் அதில் கை வைக்காதீர்கள்.

ஸ்டீமில் வாங்கினால் ஒரு வசதி உண்டு. 14 நாளுக்குள், ஆடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். முன்கூட்டியே ஆடும் எடிஷனில் அந்த வாரம் ஆடிய நேரமும் இப்போது அந்த இரண்டு மணியில் சேரும். பிளேஸ்டேஷன் கடையில் இறக்கத் தொடங்கிவிட்டாலே அந்தக் கதவு சாத்தப்பட்டுவிடும்.

பேக் என்னும் ஓட்டைப் பாத்திரம்

அல்டிமேட் டீம் 2009-இல் ஃபிஃபா 09-க்குக் காசு கொடுத்து வாங்கும் துணைப்பொருளாக வந்தது. இன்று கேமின் மற்ற மோட்களெல்லாம் அதன் நிழலில். பேக் என்பது ஆட்டக்காரர் அட்டைகள் அடங்கிய பொட்டலம், வாங்கினால் உள்ளே எந்த ஆட்டக்காரன் என்று முன்கூட்டித் தெரியாது. நல்ல அட்டை விழும் வாய்ப்பு எத்தனை சதவீதம் என்று எழுதியிருக்கும். அந்தச் சதவீதத்தைப் படிக்கத் தெரிந்துகொள்வது முக்கியம். ஒரு அட்டைக்கு வாய்ப்பு 1 சதவீதம் என்றால், நூறு பேக்கில் ஒன்று நிச்சயம் என்று பொருளில்லை. நூறு பேக் பிரித்தும் கிடைக்காமல் போக 37 சதவீதம் வாய்ப்பு இருக்கிறது. பாதிக்குப் பாதி வாய்ப்பு வேண்டுமென்றாலே 69 பேக் பிரிக்க வேண்டும். பேக் நூறு ரூபாய் என்று வைத்தால் 6,900. அடுத்த செப்டம்பரில் அந்த அட்டை புது கேமுக்கு வராது. பெல்ஜியத்தில் இதைச் சூதாட்டம் என்று 2018-இல் தீர்மானித்தார்கள். அங்கே பேக் வாங்க உதவும் பாயிண்ட்களின் விற்பனையை ஈஏ 2019 ஜனவரியில் நிறுத்திவிட்டது.

பேக்குக்குக் காசே செலவழிக்காமல் ஆடலாமா? ஆடலாம். நேரம் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். பிள்ளைக்கு வாங்கித் தருகிற அப்பா அம்மா, பிள்ளையின் கணக்கைக் குடும்பக் கணக்குக்குக் கீழே கொண்டுவந்து மாதச் செலவு வரம்பைப் பூஜ்யத்தில் வைத்துவிடுங்கள். வீட்டு கார்டு விவரத்தைக் கன்சோலில் சேமித்து வைக்க வேண்டாம்.

காசு கொடுக்காத வழி

கோனாமியின் ஈஃபுட்பால் இலவசம். 2021 செப்டம்பர் 30-இல் அது வெளியான நாளில் முகங்கள் கோணி, கண்கள் பிதுங்கிச் சிரிப்பாய்ச் சிரித்தார்கள். உருப்படியான பதிப்பு என்று சொல்லத்தக்கது 2022 ஏப்ரலில்தான் வந்தது. இப்போது பந்தின் எடையும் பாஸின் கோணமும் பிடித்துப்போய் அதை விட்டு வராதவர்கள் உண்டு. ஆனால் கோனாமியின் பழைய கால்பந்து கேமான பெஸ்ஸின் ரசிகர்கள் ஏங்கும், கிளப் வளர்க்கும் மாஸ்டர் லீக் மோடை எதிர்பார்த்து இறக்காதீர்கள். ஆன்லைனும் அட்டை சேர்ப்பதும்தான் அதன் உயிர்.

எந்த கேமில் எந்தக் கிளப் நிஜப் பெயரில் இருக்கிறது என்பது உரிம ஒப்பந்தம். வருஷத்துக்கு வருஷம் மாறும். ஃபிஃபா 20-இல் யுவென்டஸ் பீமோன்டே கால்ச்சியோ என்ற பொய்ப் பெயரில் வந்தது. ஃபிஃபா 23-இல் சொந்தப் பெயருக்குத் திரும்பியது. எஃப்சி 25-இல் ஏசி மிலானுக்கும் இன்டருக்கும் அதே கதி, 26-இல் திரும்பிவிட்டார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு ஃபிஃபா 22 முக்கியமானது. இந்தியன் சூப்பர் லீக் முதன்முதலாக இடம்பெற்றது அதில்தான். அந்த லீகின் சென்னையின் எஃப்சி கிளப்பை எடுத்துக் கரியர் ஆட ஆசைப்படுகிறவர், வாங்கும் முன் அந்த வருஷத்து லீக் பட்டியலைத் தேடிப் பார்த்துவிடுவது நல்லது.

வாங்காமலே இருப்பதும் ஒரு வழி, அதை யாரும் சொல்லித் தருவதில்லை. இரண்டு கண்ட்ரோலர், ஒரு சோபா, விருந்தாளி வந்தால் ஆடுவது என்றால் மூன்று வருஷப் பழைய டிஸ்க் போதும். ஆட்டக்காரர்கள் பழைய கிளப்பில் இருப்பார்கள், அதனால் யார் குடி முழுகிவிடப் போகிறது? அந்தக் காசில் ஸ்டிக் தானாக நகர்கிற பழைய கண்ட்ரோலரை மாற்றுங்கள். செட்டிங்கில் டெட் ஸோனை (ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாத எல்லையை) கூட்டிப் பார்த்தும் ஆட்டக்காரன் தானாக நடந்தால், தேய்ந்தது உள்ளே இருக்கும் சென்சார். எந்த அப்டேட்டும் அதைச் சரி செய்யாது.

டிஸ்க் வாங்குகிறவர் பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வைத்திருந்தால் மறுபடி விற்கலாம். டிஸ்க் டிரைவ் இல்லாத கன்சோலுக்கு டிஜிட்டலாக வாங்கியதை விற்க வழியே இல்லை. பெட்டியில் விற்கும் பிசி பதிப்பு பல சமயம் உள்ளே வெறும் ரகசியக் குறியீடு (code) அச்சிட்ட தாள், அதையும் ஒருமுறைதான் பயன்படுத்தலாம். டிஸ்க்கை விற்பதென்றால் ஜூலைக்குள் விற்றுவிடுங்கள். புது கேமின் முதல் டிரெய்லர் வந்த மறுநாள் கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்க்கும் விதமே மாறிவிடும்.